எழுதிப் படிப்பதா, தட்டச்சு செய்து படிப்பதா? முதன்மைத் தேர்வுக்குப் படிப்பவனின் ஐயம்

கேள்வி: வில்லாபுரத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை வில்லாபுரத்தில் வசிக்கிறேன். பகலில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அதிகாலையிலும் இரவிலும் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக என் குறிப்புகள் அனைத்தையும் மடிக்கணினியில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இப்போது அவை 400 பக்கங்களைத் தாண்டிவிட்டன. எந்தச் சொல்லைத் தேடினாலும் நொடியில் கிடைத்துவிடுகிறது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதிரித் தேர்வு எழுதினோம். மூன்று மணி நேரம் தாளில் எழுத வேண்டும். நாற்பதாவது நிமிடத்திலேயே கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கிவிட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வைகைப் பாசனத்தைப் பற்றி ஒரு வினா வந்தது. அதைக் குறித்து நானே மூன்று பக்கங்கள் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தக் கோப்பின் பெயர், அது இருக்கும் இடம், அதில் நான் மஞ்சள் வண்ணம் தீட்டிய பத்தி ஆகிய எல்லாம் கண்முன் வந்தன. பத்திக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் வரவே இல்லை. மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன் வைகையைப் பற்றி அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான் என்பதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எழுதிப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று என் அப்பா நான் பள்ளியில் படித்த நாளிலிருந்தே சொல்லி வருகிறார். இது உண்மைதானா, அல்லது அந்தக் காலத்தில் வேறு வழி இல்லாததால் வந்த நம்பிக்கையா? உண்மை என்றால், 400 பக்கங்களையும் நோட்டில் திரும்ப எழுத வேண்டுமா? எனக்குக் கிடைக்கும் நேரத்தில் அதற்கே மூன்று மாதம் போய்விடும். படம் வரைந்து படிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கோ நேராக ஒரு கோடு போட வராது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மேலூர்த் தமிழாசிரியர் (பணி நிறைவு)

தம்பி, வணக்கம். 400 பக்கங்களைத் திரும்ப எழுதும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பார்த்து எழுதுவதால் பாடம் மனத்தில் ஏறுமென்றால், நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கொடுத்த இம்போசிஷன்கள் அவர்களைப் புலவர்களாக்கியிருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை ஐம்பது முறை எழுதி வரச் சொன்னால், கெட்டிக்காரப் பையன் முதல் சொல்லை மேலிருந்து கீழாக ஐம்பது வரியிலும் எழுதுவான். பிறகு இரண்டாம் சொல்லை அதேபோல் இறக்குவான். நோட்டு நிறைந்துவிடும், வாக்கியம் என்ன என்று கேட்டால் விழிப்பான். கை ஓடியது, மனம் கூட வரவில்லை. இந்தத் தண்டனையை நானே பல ஆண்டுகள் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனாலும் உங்கள் அப்பா சொல்வதில் பொருள் இருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கு நம் வகுப்பறைகளில் வழங்கும் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், இரண்டுசுழி ன, மூன்றுசுழி ண என்று அவை பெரும்பாலும் கை போகும் வழியைக் கொண்டே வந்த பெயர்கள். ‘கொடை’ என்று தாளில் எழுத வேண்டுமானால் கொம்பைத்தான் முதலில் போட வேண்டும். அதாவது ககர ஒகரம் வரப்போகிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் ககரத்தைத் தட்டிவிட்டு, எந்த உயிர் என்று அதன்பின் முடிவு செய்தால் போதும். இன்று பலரும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறுகிறார்கள். ‘கரை’ வேண்டுமா ‘கறை’ வேண்டுமா, ‘அலை’ வேண்டுமா ‘அழை’ வேண்டுமா என்று கருவியே ஒரு பட்டியலை நீட்டுகிறது. அதிலிருந்து கண் பொறுக்கிக்கொள்கிறது. தேர்வுக்கூடத்தில் அந்தப் பட்டியல் இல்லை. நன்றாகப் படித்த இளைஞர்களின் விடைத்தாள்களில் றகர ரகரத் தடுமாற்றம் மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு ஏற்பட்ட கருத்து.

எழுதும் கருவி எழுத்தையே மாற்றக்கூடியது என்பதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மாங்குளம் மலைக் குகையில் உளியால் வெட்டப்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளாக நிற்கும். பிற்காலத்தில் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள், குத்தினால் ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டார்கள். படிப்பவர்தான் பொருளறிந்து புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இது உங்கள் கேள்விக்குச் சற்று வெளியே போகிறது; ஆசிரியர் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தலைப்பை மடிக்கணினியிலேயே படியுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். முடித்ததும் திறந்து பார்த்து, விட்டுப்போனவற்றை வேறு மையால் ஓரத்தில் குறியுங்கள். மறுநாள் அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் பார்த்தால் போதும். எழுதியதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணித மேதை இராமானுசன் தாளின் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவுகளை மட்டுமே நோட்டில் எழுதி வைத்தார். நீங்களும் ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மறுமொழி: புதூர்வாசி

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் ஒரு சிறு திருத்தம். ககரத்தை முதலில் தட்டும் முறை இன்றைய கணினிக்கும் கைப்பேசிக்குமே பொருந்தும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பு, ககரம், கால் என்று தாளில் எழுதும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். என் அக்கா தமிழ்த் தட்டச்சில் ஹையர் என்னும் உயர்நிலைத் தேர்வு முடித்தவர். அவருக்கு இன்றும் கணினியில் கை முதலில் கொம்பைத்தான் தேடும்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். கையெழுத்தைப் பற்றிப் பேசும்போது ஆய்வுகள் சொல்வதற்கு மேலாகவே நம்பிவிடுகிறோம் என்பது என் எண்ணம். பலரும் மேற்கோள் காட்டுவது 2014ஆம் ஆண்டில் முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகிய இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. சொற்பொழிவுகளைக் கேட்டு மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் பேச்சை ஏறத்தாழ அப்படியே பதிவு செய்தார்கள்; கையால் எழுதியவர்கள் வேகம் போதாததால் சுருக்கி எழுதினார்கள். தகவல் வினாக்களில் இரு தரப்பும் ஒத்திருக்க, கருத்தை விளங்கிக்கொண்டு விடையளிக்க வேண்டிய வினாக்களில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். ஆனால் இதே சோதனையைப் பிறர் திரும்பச் செய்து 2019இலும் 2021இலும் வெளியிட்டபோது, மடிக்கணினிக்காரர்கள் அப்படியே பதிவு செய்யும் பழக்கம் உறுதியாயிற்றே தவிர, மதிப்பெண்ணில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. பரபரப்பாகப் பகிரப்படுவது முதல் ஆய்வு மட்டுமே.

2024இல் நார்வேயின் துரோண்ட்ஹைம் நகரிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையைப் பொருத்தி, அவர்கள் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு விரிவாக இருந்தது என்பது முடிவு. இதை வைத்துத் தட்டச்சு மூளையை மழுங்கடிக்கும் என்று சொல்பவர்கள் கவனிக்காத செய்திகள் இரண்டு: அந்தச் சோதனையில் மாணவர்கள் ஒற்றை விரலால்தான் தட்டினார்கள், எழுதியதை நினைவில் வைத்திருந்தார்களா என்று அதில் சோதிக்கவே இல்லை. அவர்கள் எழுதியதும் காகிதத்தில் அன்று, தொடுதிரையில் மின்பேனாவால்.

எழுத்தறியாத சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை நான் கையெழுத்தின் பக்கம்தான் நிற்பேன். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைத் தாங்களாக எழுதியும், கோட்டின் மேல் கோடு போட்டும், விசையைத் தட்டியும் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தபோது, படிப்பதற்குரிய மூளைப் பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் நன்கு கிளர்ந்தன. குழந்தை எழுதும் ‘அ’ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு வருகிறது. அத்தனை கோணலையும் பார்த்துத்தான் எது ‘அ’ என்று அது தெரிந்துகொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆக, வில்லாபுரத்து நண்பரே, உங்கள் குறை விசைப்பலகையில் இல்லை. படித்ததை அப்படியே ஏற்றி, வண்ணம் தீட்டி, படித்துவிட்டதாக நம்பிவிட்டீர்கள். ஆசிரியர் சொல்வதுபோல் மூடிவிட்டு எழுதுவதே மருந்து; அதைத் தட்டச்சிலும் செய்யலாம். ஆனால் உங்கள் தேர்வு தாளில் நடப்பதால், கையால் செய்தால் இரண்டு பயிற்சி ஒன்றாக முடியும். 400 பக்கங்களும் தேடுவதற்குக் கணினியிலேயே இருக்கட்டும்.

மறுமொழி: பசுமலைப் பொறியாளர்

நேராகக் கோடு போட வராது என்றதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கட்டடப் பொறியாளன் என்பதால் கோடு என் தொழில்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான சோதனை ஒன்று உண்டு. எளிய சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 40 நொடி நேரம் தந்து, சிலவற்றைப் படமாக வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். பிறகு கேட்டபோது வரைந்த சொற்களே மிகுதியாக நினைவில் நின்றன. நேரத்தை 4 நொடியாகக் குறைத்த சோதனையிலும் பலன் இருந்தது. நான்கு நொடியில் யாரும் ஓவியம் தீட்ட முடியாது. கோடு நேராக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் நிம்மதி அடையலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் மீனாட்சி அம்மன் கோயிலில் கற்றேன். 2018இலிருந்து உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. படம் எடுக்க முடியாதே என்று தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரே ஒரு யாளித் தூணைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வெளியே வந்து சித்திரை வீதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையத் தொடங்கினேன். முன்னங்கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரியவில்லை. பிடரி எங்கே முடிந்து உடல் எங்கே தொடங்குகிறது என்றும் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து நூறு முறை பார்த்த தூண் அது. அடுத்த வாரம் முன்னங்காலைப் பார்ப்பதற்கென்றே போனேன். புகைப்படம் எடுத்திருந்தால் எனக்கு எது தெரியாது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

தொழிலிலும் இதையே காண்கிறேன். ஒரு வீட்டு வேலையில் அச்சிட்ட வரைபடம் கையில் இருக்க, கொத்தனார் ஒரு செங்கல் துண்டை எடுத்துப் பூசாத சுவரில் மாடிப்படியைப் போட்டுக்கொண்டே வந்தார்; திருப்பத்தில் ஓர் ஆளையும் வரைந்தார். அந்த ஆளின் தலை உத்திரத்தில் இடித்தது. நானே சரிபார்த்துக் கையொப்பமிட்ட வரைபடம் அது. கணினித் திரையில் எல்லாம் அழகாக இருந்ததால் ஐயமே எழவில்லை.

இனி உங்கள் வைகைக்கு வருவோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு கோணல் கோடு இழுங்கள். அதற்கு மேற்கே முல்லைப் பெரியாறு. அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. அரபிக் கடலுக்குப் போக வேண்டிய நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திரும்புகிறது. அந்த இடத்தில் மலைக்கோட்டை ஓர் அம்புக்குறியால் துளையுங்கள். அந்த ஒரு துளைதான் முழுப் பாடமும். லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, வைரவனாறு வழியாகச் சுருளியாற்றில் கலந்து வருகிறது. வருசநாட்டு மலையிலிருந்து வைகை தனியாக வருகிறது. இரண்டும் சேர்ந்தபின் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை, அது 1959. அதற்குக் கீழே பேரணை என்ற மதகணை. அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து மேலூர்ப் பக்கம் போகிறது. அந்தக் கால்வாயில் கள்ளந்திரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். அதுவரை இருபோகம், அதற்கு அப்பால் ஒருபோகம். ஆற்றின் வழியே வந்தால் மதுரை, விரகனூர் மதகணை, மானாமதுரை, பரமக்குடி, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாய். வைகையின் மொத்த நீளம் 258 கிலோமீட்டர்.

இதைப் பார்த்து ஒரு முறை வரையுங்கள். தாளைக் கவிழ்த்துவிட்டு மறு முறை வரையுங்கள். எந்த இடத்தில் கை நின்று தயங்குகிறதோ அந்த இடம் உங்களுக்குத் தெரியாது என்று பொருள். தட்டச்சில் தயக்கம் இல்லாமல் ‘கால்வாய்கள் மூலம் பாசனம் பெறுகிறது’ என்று பூசி மெழுகிவிடலாம். படத்தில் கால்வாய் எங்கேயாவது ஓர் இடத்திலிருந்து பிரிந்தே ஆக வேண்டும்.

மறுமொழி: மேலூர்த் தமிழாசிரியர் (பணி நிறைவு)

பொறியாளர் கள்ளந்திரியைச் சொன்னது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சில் தைக்கும். நாங்கள் ஒருபோகத்துப் பக்கம்.

கைவலியைப் பற்றி முன்பே சொல்ல விட்டுவிட்டேன். பந்துமுனைப் பேனாவை அழுத்தினால்தான் எழுதும் என்ற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதுவே கட்டைவிரலை வருத்துகிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்; எழுத்து புடைத்துத் தெரிந்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். முன்கையை மேசையில் முழுவதுமாகக் கிடத்தி, விரலை மட்டும் அசைத்து எழுதாமல், கை மொத்தமும் நகருமாறு எழுதுங்கள். இருபது நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். தேர்வில் அனுமதிக்கப்படும் வகைப் பேனாவிலேயே பழகுங்கள். விரல் மரத்துப்போனால் எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி: வில்லாபுரத்தான்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தினமும் காலையில் ஒரு தலைப்பை மூடிவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் ஒன்பது வரிக்கு மேல் வரவில்லை; ஓரக் குறிப்பு பக்கத்தை விடப் பெரிதாக இருந்தது. வலி இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கிறேன். என் தாளின் பின்பக்கம் ஆசிரியர் ஐயா சொன்னபடி புடைத்துத்தான் இருந்தது. சிலேட்டு வாங்கவில்லை, ஒருபக்கம் அச்சான அலுவலகத் தாள்களே குவிந்து கிடக்கின்றன.

வைகையை நான்கு முறை வரைந்தேன். முதல் மூன்று முறையும் பெரியாறு கால்வாயை வைகை அணையிலிருந்தே பிரித்திருந்தேன், பேரணையையே காணோம். என் மூன்று பக்கத் தட்டச்சுக் குறிப்பைத் திறந்து பார்த்தால் அதில் பேரணை இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்று மஞ்சள் வண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்காவது படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, விரகனூரை மதுரைக்கு மேற்கே போட்டிருக்கிறாயே என்றார்.

ஆறும் மலையும் சரி. அரசியலமைப்புச் சட்டப் பாடத்துக்கு எதை வரைவது என்று தெரியவில்லை.

மறுமொழி: பசுமலைப் பொறியாளர்

அங்கும் ஆறு ஓடத்தான் செய்கிறது. இரண்டு பெட்டி போட்டு ஒன்றில் மக்களவை, மற்றொன்றில் மாநிலங்களவை என்று எழுதுங்கள். பண மசோதா எந்தப் பெட்டியில் பிறக்கிறது, எத்தனை நாளுக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அம்பு எங்கே போகும் என்று கோடு இழுங்கள். 14 நாள் என்பதை எந்த அம்பின் மேல் எழுதுவது என்று கை தயங்கினால் 109ஆம் பிரிவை மீண்டும் படியுங்கள். சாதாரண மசோதாவுக்கு அதே தாளில் வேறு மையால் இழுத்தால், கூட்டுக் கூட்டம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.